முத்துத்தாய்க்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம்

முத்துத்தாயின் அப்பா காளைக்குப் பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. தினமும் காலையில் இன்சுலின் போட்டாக வேண்டும். திருமங்கலத்தைத் தாண்டிப் பேரையூர் போகிற சாலையில் இருக்கிற அவர்கள் வீட்டில் பிரிட்ஜுக்குள் மருந்து இருக்கிறது. மேல்தட்டில் ஊசி இருக்கிறது. நான்கு வருடம் நர்சிங் படித்துவிட்டு, சர்ஜரி வார்டில் நான்கு வருடம் வேலை பார்த்த மகளும் இருக்கிறாள். ஆனாலும் காளை மருந்துப் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மொபெட்டை உதைத்து, அடுத்த ஊரிலிருக்கும் கம்பவுண்டரிடம் போய்த்தான் போட்டுக்கொண்டு வருவார். மகளிடம் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே ஏழு வருடம் போய்வந்தார்.

அதற்குக் காரணம் நான் எழுதிய நான்கு வரிகள்.

நான் இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நர்சாக இருக்கிறேன். அதற்கு முன் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் இருந்தேன். கடைசி நான்கு வருடம் சர்ஜரி வார்டுக்கு இன்சார்ஜ். ஆஸ்பத்திரியின் பெயர் இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. அங்கே இருந்த ஒரு வழக்கத்தை மட்டும் சொன்னால் போதும்.

தெர்மாமீட்டர் உடைந்தால் ஒரு விளக்கக் கடிதம். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் ஒரு விளக்கக் கடிதம். நோயாளியின் மச்சினன் வராந்தாவில் சத்தம் போட்டால் அதற்கும் அந்தப் படுக்கையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். நர்சிங் சூப்பிரண்டு சகாயமேரி மேடத்துக்கு, ஆங்கிலத்தில், அன்றைக்கே. என்ன நடந்தது, அது என் தவறு, வருந்துகிறேன், இனி நடக்காது. அவ்வளவுதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு, இரவு டியூட்டிக்காரர்கள் பகல் டியூட்டிக்காரர்களிடம் வார்டை ஒப்படைக்கும் நேரத்தில், மேடம் அதை எல்லோர் முன்னாலும் வாசிப்பார். எழுதியவள் முன்னால் வந்து நிற்க வேண்டும். வாசித்து முடித்ததும் அந்தக் காகிதம் அவள் பெயர் போட்ட நீல பைலுக்குள் போகும். பைல் கனக்கக் கனக்க, கேட்ட நாளில் விடுப்பு கிடைக்காது. வேலையை விட்டுப் போகும்போது அனுபவச் சான்றிதழில் அதன் நிழல் விழும்.

எங்கள் வார்டுப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள். பாடப் புத்தகத்து ஆங்கிலம் புரியும். சொந்தமாக நான்கு வரி எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். நான் டீச்சர் வீட்டுப் பெண். அப்பா மிஷன் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவர். வீட்டில் தமிழ் பைபிளும் ஆங்கில அகராதியும் ஒரே அலமாரியில் இருந்தன. அதனால் டியூட்டி முடிந்து உடை மாற்றும் அறைக்குள் வந்தால், "அக்கா, ஒரு லெட்டர்" என்று யாராவது காத்திருப்பாள். நான் எழுதித் தருவேன். அவள் பார்த்துத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. அதை இப்போது மறைத்துப் பயனில்லை.

ராஜினாமாக் கடிதமும் நான்தான். ஒரு வருடத்தில் எங்கள் வார்டிலிருந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் போனார்கள். ஒருத்தி, மூன்று மாதம் தொடர்ந்து ஞாயிற்றுக்கிழமை விடுப்புக் கிடைக்காததால் போனாள். ஒருத்தி, நோயாளி முன்னால் டாக்டர் கேஸ் ஷீட்டை அவள் மேல் வீசியதால் போனாள். ஒன்பது பேருக்கும் நான் எழுதியது ஒரே காரணம்: குடும்பச் சூழ்நிலை. உண்மையை எழுதினால் சான்றிதழ் வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் நிர்வாகம் எங்களை அழைத்து உட்காரவைத்தது. நர்சுகள் ஏன் நிலைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஆராயச் சென்னையிலிருந்து கோட் போட்ட ஒருவர் வந்திருந்தார். திரையில் ஒரு வட்டம் வரைந்து, அதில் பெரிய துண்டைக் காட்டி, எழுபது சதவீதம் பேர் குடும்பச் சூழ்நிலையால் போகிறார்கள், ஆகையால் நர்சுகளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டலாம் என்றார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துத்தாய் என் விலாவில் இடித்தாள்.

"அக்கா, அந்த வட்டம் பூராம் உங்க கைவண்ணம்தான்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவ்வளவு கூட்டத்திலும் சிரிக்கவைக்க முடிந்தவள் அவள் ஒருத்திதான்.

முத்துத்தாய் வந்து மூன்று வருடத்துக்கு மேலாகியும் அவள் பைலில் ஒரு கடிதம்கூட ஏறவில்லை. "எம்பைலு அப்பளம் மாதிரி இருக்குக்கா" என்பாள். கிழவர்களின் சுருங்கிய கையில் நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்திப் பார்க்கும்போது, இவள் வந்து, "என்ன தாத்தா, நரம்ப எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று தடவிக்கொண்டே பேச்சுக் கொடுப்பாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே இருக்கும். அவளோடு படித்தவர்கள் துபாய்க்கும் சென்னைக்கும் போனார்கள். "நீ போகலையாடி?" என்று கேட்டால், "எனக்கு இங்கன போதும்க்கா. வார்டுக்குள்ள நொழைஞ்சா பாதிப் பேரு எங்க ஊர்ப் பக்கத்து ஆளுக. அங்கிட்டுப் போயி யாருகிட்டப் பேச?" என்பாள். காளை டீக்கடையில் "எம்மக நர்சு" என்று சொல்லாத நாளே இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

2018, ஆடி மாதம். எங்கள் வார்டில் பாண்டியம்மாள் என்று ஐம்பத்தைந்து வயது அம்மா இருந்தார். பித்தப்பையில் கல். மறுநாள் ஆபரேஷன். அன்று காலை எட்டரைக்கு வார்டு போன் அடித்தது. எடுத்தது நான். சர்ஜன் பீமாராவ் பேசினார்.

"சிஸ்டர், நாளைக்கு இருக்கற பித்தப்பை கேஸ இன்னைக்கு மூணு மணிக்கே எடுத்துக்கறேன். வாய்க்கு எதுவும் குடுக்காதீங்க."

"சரி சார்."

அவர் யாரிடம் பேசினார் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அவரிடத்தில் ஒரே பெயர்தான், சிஸ்டர். நான் செய்திருக்க வேண்டியது இரண்டு வேலை. போன் செய்தி நோட்டில் எழுத வேண்டும். கட்டிலில் 'வாய்வழி எதுவும் தரக்கூடாது' என்ற சின்ன போர்டை மாட்ட வேண்டும், அல்லது அந்தப் படுக்கையைப் பார்க்கிற முத்துத்தாயிடம் சொல்ல வேண்டும். நான் எதையும் செய்யவில்லை. அன்று காலைதான் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு முடிவு வருவதாக இருந்தது. போனை வைத்த கையோடு என் செல்லை எடுத்துப் பார்த்தேன். தேர்ச்சி. அதற்குப் பிறகு அன்று காலை எனக்கு வேறெதுவும் நினைவில் தங்கவில்லை.

பதினொன்றரைக்குப் பாண்டியம்மாளின் சொந்தக்காரர்கள் அழகர்கோவில் போய்விட்டு வந்தார்கள். கையில் கோவில் தோசை. கனமாக, மிளகு வாசத்தோடு, நெய் ஊறிய அந்தத் தோசையைப் பிய்த்து வார்டு முழுக்கக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. "சிஸ்டர், நீங்க வேதக்காரங்க, சாப்புடுவீங்கல்ல?" என்று கேட்டுத்தான் கொடுத்தார்கள். நான் சிரித்து வாங்கிக்கொண்டேன். தேர்ச்சி பெற்ற சந்தோஷத்துக்கு இனிப்புக்குப் பதில் தோசை என்று நினைத்துக்கொண்டு, பாண்டியம்மாளின் கட்டிலருகில் நின்றே தின்றேன். அவரும் என் கண் முன்னால்தான் தின்றார்.

இரண்டரைக்குத் தியேட்டரிலிருந்து தள்ளுவண்டி வந்தது. முத்துத்தாய் திகைத்தாள். "நாளைக்குத்தானக்கா?" என்றாள். "மாத்திட்டாங்க, அனுப்பு" என்றேன். அவள் சும்மா அனுப்பவில்லை. பாண்டியம்மாளிடம் குனிந்து, "அம்மா, கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"காலையில ஏழு மணிக்கு ரெண்டு இட்லி தாயி. அதுக்கப்புறம் ஒண்ணும் சாப்பிடல."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. சாமி பிரசாதத்தை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? எங்கள் ஊரில் சேர்க்க மாட்டார்கள். முத்துத்தாய் பதினொன்றரைக்கு வேறொரு நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்தாள். தோசையை அவள் பார்க்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே தாளில் எழுதி அனுப்பினாள்.

மயக்க மருந்து கொடுத்ததும் பாண்டியம்மாள் வாந்தி எடுத்தார். அது நுரையீரலுக்குள் போய்விட்டது. ஆபரேஷன் நின்றது. ஐந்து நாள் ஐசியூவில் மூச்சுவிட வைக்கும் மிஷினில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று மாலை எங்களில் யாருக்கும் அது தெரியாது.

"நான் காலையிலேயே போன்ல சொன்னேன்" என்றார் பீமாராவ். "யாரு எடுத்தா சார்?" என்று மேடம் கேட்டதற்கு, "யாரோ ஒரு சிஸ்டர்" என்றார். போன் நோட்டில் ஒன்றும் இல்லை. மேடம் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"அந்த பெட் யாரு?"

"முத்துத்தாய் மேடம்."

"லெட்டர் வாங்கி அனுப்பு."

நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. அந்தப் படுக்கை அவளுடையதுதான். வழக்கமும் அதுதான், படுக்கை யாருடையதோ கடிதம் அவளுடையது. இன்சார்ஜ் கடிதம் எழுதுவதில்லை.

உடை மாற்றும் அறையில் முத்துத்தாய் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அக்கா, எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்களே எழுதுங்க" என்றாள். நான் பேனாவை எடுத்து, அவள் சொல்வதாக எழுதினேன்: காலை எட்டரைக்குத் தகவல் கிடைத்தும் நான் போர்டு மாட்டத் தவறினேன், நோயாளி உணவு உண்டதைக் கவனிக்கவில்லை, இது என் அலட்சியம், இனி நடக்காது. நல்ல ஆங்கிலம். ஒரு பிழை கிடையாது.

அவள் படியெடுக்கும்போது ஓரிடத்தில் பேனா நின்றது.

"போன யாரு எடுத்தாங்கன்னு எழுத வேணாமாக்கா?"

"அதெல்லாம் எழுதினா விசாரணை நீளும்டி. சுருக்கமா முடிச்சுரலாம். ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதி முடித்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேடம் அதை வாசித்தார். முத்துத்தாய் முன்னால் நின்றாள். நான் இன்சார்ஜ் நிற்கும் இடத்தில், மேடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். நான் எழுதிய வாக்கியங்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. அந்த வாரமே அவளை வார்டிலிருந்து எடுத்து, துணிகளையும் கருவிகளையும் கிருமி போக ஆவியில் அவிக்கும் பிரிவில் போட்டார்கள். நோயாளிகளே இல்லாத இடம். பேச ஆளில்லாத இடம்.

வார்டில் அவர்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள் என்றேனல்லவா? செய்தி அவளுக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விட்டது. காளை மக ஒரு பொம்பளையக் கொல்லப் பாத்தாளாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதுவரை மகளிடம் போட்டுக்கொண்ட காளை அந்த மாதத்திலிருந்துதான் கம்பவுண்டரிடம் போக ஆரம்பித்தார்.

2019 ஜனவரியில் நான் விமானம் ஏறினேன். ஏப்ரலில் அவள் வேலையை விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவளுடைய ராஜினாமாக் கடிதம் ஒன்றுதான் எங்கள் வார்டில் நான் எழுதாதது.

லீட்ஸில் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு மாத்திரையை ஒரு மணி நேரம் தாமதமாகக் கொடுத்துவிட்டேன். விளக்கக் கடிதம் எழுதத் தயாராக இன்சார்ஜிடம் போய் நின்றேன். அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். என்ன நடந்தது, வார்டில் அப்போது எத்தனை பேர் இருந்தீர்கள், மறுபடி நடக்காமலிருக்க நாங்கள் என்ன மாற்ற வேண்டும் என்று அதில் கேட்டிருந்தது. யார் செய்தது என்று கேட்கவே இல்லை. நான் அழுதேன். ஊர் ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்து அவர் டீ போட்டுக் கொடுத்தார். அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. முதுகு ஒடிகிற வேலை, என் உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளிக்கிற நோயாளிகள், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய நர்ஸ் பதிவு. அந்தப் பதிவு போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், விசா போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். இதை நான் தினமும் ஒரு தடவையாவது எண்ணிப் பார்க்காமல் தூங்குவதில்லை.

இந்த வருடம் ஜூலையில் தங்கை மகளின் கல்யாணத்துக்காக மதுரை வந்தேன். வந்த மூன்றாம் நாள் வாட்ஸப்பில் செய்தி. "அக்கா, முத்துத்தாய். ஊருக்கு வந்திருக்கீங்களாம். ஒரு உதவி வேணும். சிம்மக்கல்லுல இருக்கேன்."

சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான்கள் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் அவள் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வாளிகளும் குடங்களும் கூரை வரை அடுக்கியிருந்தன. தெருவில் ஆட்டோக்காரர்கள் டவுன் பஸ் டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கக்கா. நல்லா வெயிட் போட்டீங்க. வெள்ளக்காரன் ரொட்டியா?"

நான் பதில் சொல்வதற்குள், மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து எழுந்தாள். "யண்ணே, உக்காருங்க மொதல்ல. வேர்வையப் பாரு, கை நடுங்குது. காலையில மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம வந்தீங்களா?" என்று அதட்டி, பக்கத்துக் கடையில் சர்க்கரை அதிகம் போட்ட டீ வாங்கிவரச் செய்தாள். அவர் குடித்து முகம் தெளியும் வரை மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றாள். நான் குடங்களுக்கு நடுவில் ஒதுங்கி நின்றேன்.

விஷயம் இதுதான். திருமங்கலத்தில் புதிதாக ஒரு டயாலிசிஸ் சென்டர் திறக்கிறார்கள். நேர்காணலில் அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் பழைய ஆஸ்பத்திரி கொடுத்த சான்றிதழில் கடைசி வரி, 'அலட்சியத்துக்காக எச்சரிக்கப்பட்டவர்' என்று இருந்தது. அந்த வரி இல்லாத சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் வேலை. இல்லையென்றால் இந்தப் பக்கம் இனி யாரும் அவளை நோயாளி அருகில் விட மாட்டார்கள். அன்று செவ்வாய்.

"நான் என்ன செய்யணும்?" என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"ஒரு லெட்டர் எழுதணும்க்கா. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

"உனக்கு... தெரியுமா?"

"போன் அடிக்கும்போது நான் பக்கத்து பெட்லதான் டிரெஸ்ஸிங் பண்ணிக்கிட்டு இருந்தேன். நீங்க எடுத்து 'சரி சார்'ன்னீங்க. எந்த கேஸுன்னு தெரியாது, நீங்க எடுத்தீங்கன்னு தெரியும்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்ட? நான் எழுதினது புரியலையா?"

"அலட்சியத்துக்கு இங்கிலீஷ் தெரியாமலா நாலு வருஷம் படிச்சோம்? புரிஞ்சுச்சு. நீங்களே காலையில சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். வாசிக்கும்போது உங்களையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் ஏர்போர்ட் போறதுக்கு முந்தியாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் நானும் பாக்கறத விட்டுட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பில் புத்தகத்தில் கார்பன் தாளை மாற்றிக்கொண்டே சொன்னாள்.

பில் மேசையிலேயே எழுதினேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவள் தாளின் மேல் கையை வைத்தாள்.

"தமிழ்ல எழுதுங்க."

முதல் தாளில், அன்றைய பணிச்சுமை காரணமாகத் தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு ஏற்பட்டது என்று எழுதினேன். அவள் வாசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நீங்க எங்கிட்டு இருக்கீங்க? ஆளையே காணமே."

இரண்டாவது தாளில் போன் எடுத்தது நான் என்று வந்தது. மூன்றாவதில், நான் யாரிடமும் சொல்லவில்லை, நோட்டில் எழுதவில்லை, நோயாளி தின்றதை நானே பார்த்தேன், அந்த விளக்கக் கடிதத்தையும் நானே எழுதி முத்துத்தாயைக் கையெழுத்திட வைத்தேன் என்று வந்தது. தோசைத் துண்டு நானும் வாங்கித் தின்றதை அவள் கேட்கவில்லை. அதையும் எழுதினேன். கீழே என் பெயர், ஆஷ்லின். அதற்குக் கீழே என் பதிவு எண். அந்த எண்ணை எழுத மூன்று முறை பேனாவைத் திறந்து மூடினேன்.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சகாயமேரி மேடத்துக்கு முடி நன்றாக நரைத்திருந்தது.

"என்ன ஆஷ்லின், கலர் வந்துட்ட. லண்டன் தண்ணியா?"

"லீட்ஸ் மேடம்."

"எல்லாம் ஒண்ணுதான்."

கடிதத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய் முத்துத்தாயின் நீல பைலை எடுத்துவந்து மேசையில் பிரித்தார். மெலிந்த பைல். உள்ளே இரண்டே தாள். ஒன்று நான் எழுதி அவள் படியெடுத்த ஆங்கிலக் கடிதம். இன்னொன்று அவளுடைய ராஜினாமா. தமிழில், ஒரே வரி. 'இங்கே வேலை பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, விலகிக்கொள்கிறேன்.'

நூறு ராஜினாமாக் கடிதமாவது அந்த அறைக்கு வந்திருக்கும். உண்மையான காரணம் எழுதி வந்தது அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

"இதப் பாரு ஆஷ்லின்" என்று மேடம் குரலைத் தணித்தார். "இந்த லெட்டர நான் பைல்ல போட்டா உம்பேரு ரெக்கார்டுல வரும். நாளப் பின்ன உங்க ஊரு நர்சிங் கவுன்சில்ல இருந்து உன்னியப் பத்திக் கேட்டு மெயில் வந்தா நான் மறைக்க முடியாது. அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யலாம். இத நீ எடுத்துக்க. நான் பாக்கல. இந்தப் பிள்ளைக்குப் புதுச் சான்றிதழ் அடிச்சுத் தாரேன், அந்த வரி இருக்காது. ரெண்டு பேருக்கும் நல்லது."

முத்துத்தாய் கேட்டாள். "மேடம், அன்னைக்கி என்னிய நிக்க வச்சு வாசிச்சீங்க. இதையும் வாசிப்பீங்களா?"

"இப்ப வாசிக்கிறதெல்லாம் நிறுத்தியாச்சும்மா. இருக்கறதே அஞ்சாறு பேரு. அதுகளும் ஓடிருச்சுன்னா நானும் நீயும்தான் பெட்பேன் தூக்கணும்."

முத்துத்தாய் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"எடுத்துக்கறேன் மேடம்."

அவ்வளவு வேகமாக என் கை நீண்டது. கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்தேன். அந்தச் சத்தம் அறையில் எல்லோருக்கும் கேட்டது.

ஒரு மணி நேரத்தில் சான்றிதழ் வந்தது. நான்கு வருடம், சர்ஜரி வார்டு, நடத்தை நன்று. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வெயில் கொளுத்தியது. அவள் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த லெட்டரக் குடுங்கக்கா."

நான் கைப்பையின் மேல் கையை வைத்தேன். திறக்கவில்லை. "அதான் சான்றிதழ் வந்துருச்சேடி" என்றேன். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. என் மகனின் பள்ளிச் சீருடை, மாதாமாதம் கட்டும் வீடு, பதிவு எண் எல்லாம் அந்த நேரத்துக்குள் என் தலைக்குள் வந்து போயின. என் கை அங்கேயேதான் இருந்தது.

"பயப்படாதீங்க. யாருகிட்டயும் காட்ட மாட்டேன்" என்றாள். "எங்கப்பா வாசிக்கணும். அவருக்குத் தமிழ்தான் தெரியும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஏன் தமிழில் எழுதச் சொன்னாள் என்று. காளை கம்பவுண்டரிடம் போகிற கதையை அந்த நிறுத்தத்தில் வைத்துத்தான் சொன்னாள். கடை லீவான ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிச் சத்தம் கேட்டு எழுவாளாம். அவர் திரும்பி வரும்வரை அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாளாம்.

ஜிப்பைத் திறந்து கொடுத்தேன். அவள் வாங்கி, சான்றிதழ் இருந்த அதே உறைக்குள் வைத்தாள். "வாரேன்க்கா" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏறினாள். நான் கொடுத்ததைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. கொடுக்காமல் நின்ற நேரம்தான் எனக்குச் சொந்தம். அவள் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், ஏழு வருடம் முன் காலை ஏழு மணிக்குப் பார்த்ததைப்போல.

நான் லீட்ஸ் திரும்பி ஒரு மாதம் ஆனபின் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. இந்திய எண்ணைப் பார்த்ததும் முதலில் நான் நினைத்தது அந்தக் கடிதத்தைத்தான். வார்டின் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, வேலையில சேந்துட்டேன். டயாலிசிஸ் நல்லாருக்கு, நாலு மணி நேரம் ஒரே ஆளு பக்கத்துல உக்காந்து பேசலாம். வாய் ஓயல. அப்புறம்... அப்பா வாசிச்சாரு. ரெண்டு தடவ வாசிச்சாரு. மறுநா காலையில வண்டிய எடுத்துக்கிட்டு வழக்கம்போலக் கம்பவுண்டர்ட்டத்தான் போனாரு. பழகிப்போச்சுல்ல. போன ஞாயித்துக்கெழமைதான் மருந்த எடுத்துட்டு வந்து எம்முன்னாடி வச்சாரு. போட்டேன். கையக் குடுத்துக்கிட்டே ஒண்ணு கேட்டாரு. 'இதத்தான எழுதிருக்கு இந்தப் பொண்ணு, இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?'ன்னாரு. உங்களக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிருக்கேன்."

அவள் அனுப்பி மூன்று வாரமாகிறது. காளை ஒவ்வொரு காலையும் மகளிடம் கையை நீட்டும்போது, என்ன பதில் வந்தது என்று கேட்கிறாரோ என்னவோ. என்னால் இரண்டு மொழியிலும் எழுத முடியும். இரண்டிலும் எழுதிப் பார்த்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.